ஐந்து ஓட்டைச் செயின் வீல்

பெடலோடு சுற்றும் பல்சக்கரமான செயின் வீலில் நல்லது எது என்று கண்டுபிடிக்கப் பழகிவிடலாம். அதை நம்மைவிட விரைவாகக் கண்டுபிடிப்பவன் பக்கத்தில் தினமும் நிற்பதுதான் சைக்கிள் கடை வேலையில் கடினம். அப்படி ஒருவனோடு வேலை செய்யும் உங்களுக்கு இது விளங்கும்.

நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. வெள்ளவத்தைக் கடையில் சேர்ந்து இரண்டு வருடம். என்னோடு வேலை செய்யும் ரொஷான் தெமட்டகொடையிலிருந்து வருகிறான். என் வயது, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். கொட்டாஞ்சேனையில் இன்னொரு கடை திறக்கிறேன், உங்களில் ஒருவரை அங்கே பொறுப்பாக விடுவேன் என்று முதலாளி சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை.

கண்ணாடி மேசை

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் செயின் வீல் மாற்ற வந்தார். அலுமினியம் பாரம் குறைவு, இரும்பு கூடக்காலம் உழைக்கும் என்று பத்து நிமிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். அந்தப் பக்கம் ரொஷான் இன்னொருவருக்காக ஒரு வீலைக் கண்ணாடி மேசையில் படுக்கவைத்து விளிம்பில் விரலால் தட்டினான். வீல் ஆடியது. கோணல் என்று தள்ளிவைத்து அடுத்ததை எடுத்தான். ஆசிரியரின் கண் அங்கே போய்விட்டது.

"தம்பி, வடிவா விளங்கப்படுத்தினீர். இனி அவரைக் கூப்பிடும், வாங்குவம்."

அடிமட்டம்

ஒரு பழைய வீலில் ஆணி பூட்டும் ஓட்டைகள் ஐந்து. ஒரு ஓட்டையிலிருந்து எதிர் ஓட்டைவரை அடிமட்டம் வைத்தேன்; நூற்றிநாலு மில்லிமீற்றர். மருதானை மொத்தக் கடைக்கு அந்த அளவை மட்டும் சொன்னேன். வந்த வீலில் நாலு ஓட்டை; நூற்றிநாலு என்பது நாலு ஓட்டை வீலின் அளவாம்.

ரொஷான் முதலாளிக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னான். சத்தமாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"மச்சான், அஞ்சு ஓட்டையில எதிர் ஓட்டை எங்க இருக்கு?"

சாப்பாட்டு நேரம்

ரொஷான் சாப்பிடப் போயிருந்தான். பார்சல் கொண்டுபோகும் ஒருவர், செயின் நழுவுகிறது, விலைகூடிய வீலாகப் போடுங்கள் என்றார். ரொஷான் செய்வதைப்போலவே, வீலின் முன்பக்கம் செயினை இழுத்துப் பார்த்தேன். பாதிப் பல் வெளியே தெரிந்தது; நீண்டிருந்தது செயின்தான். வீலின் பற்கள் நல்லாயிருந்தன. வீலை விற்றிருக்கலாம், மனம் வரவில்லை. செயினை மட்டும் மாற்றினேன்.

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். நேர்மையைப்பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"கொட்டாஞ்சேனைக்கு நீர் போம். ரொஷானை அனுப்பினா இந்தக் கடை என்னாகிறது?"

மகன் மனேஜர் என்று அம்மா எல்லாருக்கும் சொல்லிவிட்டா. நானும் மறுக்கவில்லை, புதுக் கடைச் சுவரில் முதல் வேலையாக ரொஷானின் நம்பரை எழுதி ஒட்டியிருக்கிறேன்.