மேலே சித்தப்பா, கீழே அப்பா

அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. கள்ளிக்குப்பத்தில் ஒரே வீட்டின் நடுவே சுவர் எழுப்பி இரண்டாக்கிய நாளிலிருந்து அப்படித்தான். பேசியே ஆக வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லி அனுப்புவார்கள். இரண்டாம் வகுப்புக்காரியான எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அந்தச் சித்திரையில் எங்கள் மாடி அறையின் சிமென்ட் ஷீட் கூரை கொதித்தது. கைக்குழந்தையான தம்பிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, விடாமல் வீறிட்டான். சுவரைத் தாண்டி அது சித்தப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். கம்பெனிக் கூரைகளில் காற்றுக்குத் தானாகச் சுற்றி வெப்பத்தை வெளியேற்றுமே ஒரு தகர உருண்டை, அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார். மண்ணூர்பேட்டைக் கம்பெனிகளில் அதைப் பொருத்துவதுதான் அவர் வேலை. அப்பா வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஷீட்டின் மேல் நடப்பவர்கள் அடியில் இரும்புப் பைப் ஓடும் இடத்தில்தான் கால் வைக்க வேண்டும். தப்பினால் ஷீட் உடைந்து ஆள் கீழே. ஒழுகுகிறதென்று அப்பா போன மழைக்குத் தார் பூசியதில் ஷீட்டைப் பைப்போடு முடுக்கிய போல்ட்டுகள் மறைந்து, பைப் இருக்கும் இடமே மேலிருந்து தெரியவில்லை. அதனால் அப்பா அறைக்குள் நின்று ஒட்டடைக் கம்பால் பைப்பைத் தட்டினார். சத்தம் வந்த இடம் பார்த்து சித்தப்பா நடந்தார். இருவரும் தெரியும்படி நான் வெளியே மொட்டை மாடியில், அறையின் வாசற்படியருகே நின்றேன்.

“பாத்துப் போவச் சொல்லு,” என்றார் அப்பா.

“எனுக்குத் தெரியும்னு சொல்லும்மா,” என்றார் சித்தப்பா.

ஷீட்டை வட்டமாக வெட்டி, உருண்டையைப் பொருத்தி, ஓரமெல்லாம் பூசி முடித்தார். காற்று வந்தது. உருண்டை மெல்ல அசைந்து சுற்றத் தொடங்கியது. அப்பா அதையே அண்ணாந்து பார்த்தபடி கம்பைத் தாழ்த்திவிட்டார். தட்டுகிற சத்தம் நின்றுபோனதைக் கவனிக்காமல் சித்தப்பா குத்துமதிப்பாகக் கால் வைத்தார்.

மடார் என்றது. அவருடைய ஒரு கால் தொடை வரைக்கும் அறைக்குள் தொங்கியது. சுற்றிலும் ஷீட் நெறுநெறுவென்று விரிசல் விட்டது. அப்பா கம்பை எறிந்துவிட்டுக் கட்டிலின் மேல் தாவி, அந்தக் காலைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

“டேய், ஆடாத! என் மேல மிதிச்சிக்கோ! நான் கீறேன்டா!”

நான் என் கடமையைச் செய்தேன். “சித்தப்பா, அப்பா மேல மிதிச்சிக்கணுமாம். அப்பா கீறாராம்.”

“கேட்டுச்சும்மா,” என்றார். குப்புறக் கவிழ்ந்து முகத்தை மறைத்திருந்தார். தாரின் சூடு தாங்காமல் அழுகிறார் என்று நினைத்தேன்.

அப்பா தோளால் உந்த உந்த, அவர் தவழ்ந்து பைப்பின் பக்கம் ஏறிப் பிழைத்தார்.

சித்தப்பா கீழே வந்ததும் அவருடைய சிராய்த்த தொடைக்கு மருந்து தடவிக்கொண்டே அப்பா கத்தினார். “கண்ணு இன்னா பொடனிலயா கீது உனுக்கு?”

“நீ ஏண்ணே தட்றத நிறுத்துன?” என்று அவரும் கத்தினார்.

அம்மா என்னவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் இருவருக்கும் நடுவில் போய் நின்று பார்த்தேன். ஒருவரும் என்னிடம் எதையும் சொல்லி அனுப்பவில்லை. மறுபடி பெரிய சண்டை மூண்டுவிட்டது, இந்த முறை என்னையும் ஒதுக்கிவிட்டார்கள் என்று மொட்டை மாடிக்குப் போய் வெகுநேரம் அழுதேன்.