கூலிக்குச் சிரித்தவர்

அன்செல்ம் கோர்விஸிக்குச் சிரிப்பது தொழில். எனக்கு அழுவது தொழில். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாரிஸில் நாடக அரங்கு என்று ஒன்று இருந்தால் மேடைக்கு மேலே நடிகர்கள் இருப்பார்கள், மேடைக்குக் கீழே நாங்கள் இருப்போம். கைதட்டுகிறவர், "இன்னொரு தரம்!" என்று கத்துகிறவர், சிரிக்கிறவர், அழுகிறவள். சீட்டு வாங்கிக்கொண்டு வரும் கனவான்களுக்குத் தாமாக எதுவும் தோன்றாது. யாராவது ஒருவர் ஆரம்பித்து வைக்க வேண்டும். அதற்குத்தான் எங்களுக்குக் கூலி.

அன்செல்ம் முன்பு வீடு வீடாகத் தண்ணீர் சுமந்தவர். ஏதோ ஒரு சாயங்காலம் உச்சிமாடியில், இருப்பதிலேயே மலிவான இடத்தில் உட்கார்ந்து அவர் சிரித்ததை எங்கள் தலைவர் பார்னபே கேட்டுவிட்டார். மறுநாளே ஆளைக் கையோடு பிடித்து வந்துவிட்டார். அந்தச் சிரிப்பு முதலில் விக்கல் மாதிரி வயிற்றுக்குள் சிக்கும். அப்புறம் மூக்கு வழியாகக் கொஞ்சம் கசியும். அதற்குப் பிறகுதான் உடைத்துக்கொண்டு வரும், அலை அலையாக. பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்து உம்மென்று உட்கார்ந்திருப்பவன்கூடத் தப்ப முடியாது. ஆனால் தெருவில் பார்த்தால் மனிதர் இழவு வீட்டுக்குப் போகிறவர் போலத்தான் இருப்பார்.

அவர் மனைவி மெலானி எங்கள் அரங்கிலேயே வேலைக்காரி வேஷம் கட்டுபவள். அந்த அரங்கைத் தூக்கி நிறுத்தியது ஒரு கோதுமை வியாபாரியின் கதை. கிழவன் ஒரு சின்னப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறான், அவள் கல்யாணத்தன்று காலையில் ஓடிவிடுகிறாள். கிழவன் சாப்பாட்டு மேஜையைக் குத்தி, "எங்கே என் மணப்பெண்?" என்று அலறுவான். மெலானி பெரிய சூப் சட்டியைக் கொண்டுவந்து வைப்பாள். மூடியைத் திறப்பாள். உள்ளே குனிந்து நன்றாகத் தேடுவாள். மூடுவாள். "இதுல இல்லீங்க" என்பாள். அவ்வளவுதான். பல வருஷம் பாரிஸ் அதற்குச் சிரித்தது. மூடி திறக்கும்போது அன்செல்முக்கு விக்கல், குனியும்போது கசிவு, அவள் வாயைத் திறந்ததும் அலை. இரண்டு பேரும் ஒரே மூச்சில் இயங்குவதை நான் மாடி வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீடுகள் ஐந்தாம் மாடியில் எதிரெதிரே. கதவு சாத்தியிருந்தாலும் பேச்சு கேட்கும்.

"யோவ், இன்னிக்கு ஏன் முந்திக்கிட்டே? நான் மூடியைத் தொடக்கூட இல்லை."

"உன் மூஞ்சியைப் பாத்தா அடக்க முடியலடி."

"மூஞ்சிக்கா உனக்குக் கூலி? வசனத்துக்குச் சிரிய்யா!"

பிறகு ஊருக்கு இசைப் பித்துப் பிடித்தது. வெறும் பேச்சு நாடகத்துக்குக் கூட்டம் குறைந்தது. அரங்க முதலாளி அந்தக் கோதுமை வியாபாரி கதையையே ஓபராவாகப் போடுவது என்று முடிவு செய்தார். பழைய நடிகர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வீட்டுக்குப் போனார்கள், பாடகர்கள் வந்தார்கள். மெலானியும் மூட்டை கட்டியிருக்க வேண்டியவள்தான். ஆனால் இசையமைத்த இளைஞர் முசியே தெல்பூருக்கு அந்தச் சூப் சட்டி பிடித்துவிட்டது.

"மதாம் மெலானி பாட வேண்டாம். அந்த ஒரு வசனத்தைப் பேசினாப் போதும்" என்றார்.

"நான் பாடினா வாசல்ல நிக்கிற குதிரையெல்லாம் வண்டியோட ஓடிடும், முசியே" என்றாள் மெலானி.

முதலாளி சிரிக்கவில்லை. "சனம் சிரிச்சா இந்தம்மா இருக்கட்டும். இல்லேன்னா அந்த இடத்தை வெட்டிடலாம்" என்றார்.

ஐம்பது தாண்டிய வேலைக்காரி வேஷக்காரியை வேறு எந்த அரங்கு எடுக்கும்? சோற்றுக்கு அன்செல்மின் கூலி போதும். ஆனால் மெலானிக்கு மேடைதான் உயிர். சிரிப்பு கேட்காத நாளில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தெல்பூர் கதையை மாற்றவில்லை, அதன் மனசை மாற்றிவிட்டார். நாடகத்தில் அந்தப் பெண் சும்மா ஓடிப்போவாள். ஓபராவில், மெலானி மூடியை மூடி வசனத்தைச் சொன்னதும் யாழ் தொடங்கும். ஓடிப்போகிறவள் தூரத்திலிருந்து தான் வளர்ந்த வீட்டிடம் விடைபெற்றுப் பாடுவாள். அவ்வளவு மெல்லிய பாட்டு. ஒத்திகையில் எனக்கு அழ வெங்காயம் தேவைப்படவில்லை.

பார்னபே எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "அன்செல்ம், ஒரே வெடி. யாழ் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கணும். அலையெல்லாம் வேண்டாம். பெர்பெத்து, அதுக்கப்புறம் நீ அழு."

பெர்பெத்து என்பது நான்தான்.

அன்செல்ம் வீட்டில் பயிற்சி செய்தார். மெலானி வாணலி மூடியைத் திறந்து மூடுவாள், கரண்டியால் மேஜையில் தட்டுவாள். அதுதான் யாழ். தட்டியதும் அவர் நிறுத்த வேண்டும். கோடரியால் வெட்டினதுபோல நிறுத்தப் பழகிவிட்டார்.

"அப்படித்தான்யா! இன்னொரு தரம்" என்று அவள் உற்சாகமாகக் கத்துவது எனக்குக் கேட்டது.

முதல் நாள் அரங்கு நிரம்பி வழிந்தது. மெலானி சட்டியோடு வந்தாள். திறந்தாள், குனிந்தாள், மூடினாள், சொன்னாள். அன்செல்மின் வெடி சரியான இடத்தில் விழுந்தது. நாலு வரிசை அவரோடு சேர்ந்து சிரித்தது. யாழ் தொடங்கியது. அவரும் நிறுத்தினார். சத்தியமாக நிறுத்தினார். ஆனால் மெலானி மேடையில் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது அலைக்காக அவள் எப்போதும் நிற்கும் நிலை அது. அவளே அறியாமல் உடம்பு போட்டுக்கொண்ட நிலை. அதைப் பார்த்ததும் மனிதருக்குச் சிரிப்பு உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. பாடகியின் முதல் சுரம் அந்தச் சிரிப்புக்குள் மூழ்கிப்போனது. நானோ சொன்னபடி மேலிருந்து விம்ம ஆரம்பித்துவிட்டேன். கீழே சிரிப்பு, மேலே அழுகை. "உஷ்! வெளியே தள்ளு அவனை!" என்று நாலா பக்கமும் கூச்சல் எழுந்தது.

முதலாளி பார்னபேயின் சட்டையைப் பிடிக்காத குறைதான். "நாளைக்கு உங்க ஆளுங்க யாரும் அந்த இடத்துல சிரிக்கக் கூடாது. சனம் தானா சிரிக்குதான்னு பாத்துடறேன்" என்றார்.

இரண்டாம் நாள் அன்செல்ம் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலானி எல்லாவற்றையும் அதேபோலத்தான் செய்தாள். சொல்லப்போனால் அன்றைக்குத்தான் மிக நன்றாகச் செய்தாள். "இதுல இல்லீங்க."

யாரோ இருமினார்கள்.

முந்தின நாள் உஷ் வாங்கிய இடத்தில் முதல் ஆளாகச் சிரிக்க எந்தக் கனவானுக்குத் தைரியம் வரும்? மெலானிக்கு அது எப்படித் தெரியும்? அவள் காத்துக்கொண்டு நின்றாள். யாழ் தொடங்கியது, பாட்டு தொடங்கியது, அவள் உள்ளே போக வேண்டிய நேரம் கடந்தது. இன்னும் சிரிப்பு வரும் என்று அந்தச் சட்டியோடு நின்றாள். கடைசியில் கிழவன் வேஷக்காரர் அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார். பாட்டு முடிந்ததும் அரங்கம் இடிந்துவிடும்போலக் கைதட்டியது. நான் அன்று அழவில்லை.

மறுநாள் காலை ரொட்டி வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த இடத்தை வெட்டிவிட்ட செய்தி எனக்கு முன்பே வந்துசேர்ந்திருந்தது. மெலானி காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு" என்றாள் புருஷனிடம். "இத்தனை வருஷமா சிரிச்சது சனமா, நீயா?"

"சனம்தான்டி. நான் ஆரம்பிச்சு வெச்சேன், அவ்வளவுதான்."

"நேத்து யாரும் ஆரம்பிக்கலை."

"மத்தவங்க வசனத்துக்கெல்லாம் கூலிக்குச் சிரிச்சேன், ஒத்துக்கறேன். உன் வசனத்துக்கு நிஜமா வந்தது. முந்தாநேத்து நிறுத்த முடிஞ்சுதா என்னால? நெனச்சா இப்பவும் வரும்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சட்டியை நினைத்தார் போலிருக்கிறது. விக்கல், கசிவு, அலை. அவ்வளவு துக்கத்திலும் அது வந்தது. நிஜமான சிரிப்பு, நான் ஆணையிட்டுச் சொல்வேன்.

மெலானி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான் நடிக்காத அந்த மருந்துக்கடைக்காரன் நாடகத்துக்கும் இப்படித்தானே சிரிச்சே. ஒரு வித்தியாசமும் இல்லையே. எனக்குன்னு ஒரு சிரிப்பு எடுத்து வெச்சிருக்கக் கூடாதாய்யா நீ?"

அவரிடம் இருந்தது ஒரே சிரிப்பு. அதை எல்லோருக்கும் விற்றாயிற்று.

அன்றிலிருந்து அன்செல்ம் வீட்டுக்குள் சிரிப்பதில்லை. சிரித்தால் அவள் நம்ப மாட்டாள் என்ற பயம். ஆனால் மெலானியின் வாய் சும்மா இருக்குமா? கீழ்வீட்டுக்காரியைப் பற்றியோ பால்காரனைப் பற்றியோ ஏதாவது ஒன்று சொல்லுவாள். உடனே இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து மாடிப்படிக்கு வந்துவிடுவார். கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியத் தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவர் படியில் நின்று சிரிப்பதை மெலானியிடம் சொல்லிவிட்டேன்.

"நீ காசு வாங்கி அழறவதானே பெர்பெத்து" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு தமாஷாகப் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். தான் ஏதாவது சொன்னால் கட்டின புருஷனே எழுந்து போய்விடுகிறான், தன் பேச்சில் சிரிக்க என்றைக்குமே ஒன்றும் இருந்ததில்லை என்று நம்பினாள். அப்படி நம்பிக்கொண்டேதான் செத்துப்போனாள்.