மக்காவுக்கு ஒரு கேட் பாஸ்

முப்பத்திரண்டு வயதில் நான் மக்காவுக்கு ஒரு கேட் பாஸ் எழுதினேன். அதுவும் எனக்கே எழுதிக்கொண்டேன். என் நன்னடத்தைக்கு நானே சான்று கூறி, ‘மேனேஜருக்காக’ என்று நானே கையெழுத்துப் போட்டு, எஸ்டேட் ரப்பர் ஸ்டாம்பையும் அடித்தேன். அப்போது நான் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தால் இன்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அங்கே அதுதான் பெயர். பழம் பறிக்கும் காலத்தில் கேட்டைச் சாத்திவிடுவோம். உள்ளே வர என் கையெழுத்துப் போட்ட பாஸ் வேண்டும். கிளியூரிலிருந்து குறுக்கு வழியில் நடக்கிறவர்கள், மாரமங்கலத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள் என்று எல்லோரும் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். வாட்ச்மேனுக்குப் படிக்கத் தெரியாது. ஸ்டாம்பின் ஊதா வட்டத்தைப் பார்ப்பார், சங்கிலியை அவிழ்ப்பார். அதனால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது: எந்தக் கேட்டும் சாத்தித்தான் இருக்கும், லெட்டர் கொடுத்தால் திறக்கும்.

அதில் முழுதாக ஊறியவர் என் சிநேகிதர், பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த தையற்காரர் பாய். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஊசியில் நூல் கோக்க அவருக்குக் கண்ணாடி தேவையில்லை. மலைப்பாதையில் பஸ் ஏற நான் தேவை. அவர் துணி எடுக்கவும் நான் ஆபீஸ் வேலையாகவும் மாதம் ஒருமுறை சேலம் போவோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். நான் படித்த கதை ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அடிவாரத்தில் பஸ் நின்றதும், “முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார்.

அந்த ஆண்டு ஹஜ் குலுக்கலில் அவர் பெயரும் அவர் மனைவி பெயரும் விழுந்தன. பம்பாய்வரை ரயில், அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பல். ஊரே கடைக்கு வந்து வாழ்த்திவிட்டுப் போனது. கூட்டம் கலைந்ததும் பாய் மெதுவாகச் சொன்னார்:

“நீங்க வந்தா நான் போறனுங்க ரைட்டரு.”

“எங்க, அடிவாரத்துக்குங்களா?”

“மக்காவுக்குங்க.”

மெஷினுக்கு அந்தப் பக்கம் பித்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார். “இதென்ன கூத்து? அண்ணன எதுக்கு இழுக்கறீங்க?”

“பஸ்ஸுக்கே இந்தப் பாடு. கப்பல்ல அத்தன நாளும் யார் கையப் புடிக்கறது?”

“எங் கை இருக்குதில்ல?”

“உங் கையப் புடிச்சா நீ பேசுவ. அவரு கதை சொல்லுவாரு.”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கொஞ்சம் படித்துவிட்டவனுக்கு அது வராது. மக்காவைச் சுற்றி எல்லை உண்டு, முஸ்லிம் அல்லாதவர் அதைத் தாண்டக் கூடாது, சாலையே இரண்டாகப் பிரிந்து என்னைப் போன்றவர்களைச் சுற்றுவழியில் அனுப்பிவிடும் என்று நேரில் பார்த்தவன் போல விளக்கினேன்.

“அது எனக்குத் தெரியாதுங்களா?” என்றார் பாய். “சட்டம் இருக்கத்தான் இருக்குது. ஒரு லெட்டர் குடுத்தா?”

“யாருகிட்டங்க?”

“கேட்டுல நிக்கறவருகிட்ட.”

அவர் தேநீர் சொல்ல வெளியே போன நேரத்தில் அவர் மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “அண்ணே, இவரு போகலீன்னா நானும் போக முடியாது. புருசனோ மகனோ கூட இல்லாம பொம்பளைய உடமாட்டாங்க. எங்களுக்கு ரெண்டும் பொண்ணு. எத்தன வருசமா மனுப் போட்டு இப்பத்தான் விழுந்திருக்குது. எதையாச்சும் எழுதிக் குடுத்து இவரக் கெளப்பி உடுங்க.”

எழுதினேன். அழகான ஆபீஸ் ஆங்கிலத்தில். இதைக் கொண்டுவருபவர் முஸ்லிம் அல்லர், எனினும் நன்னடத்தை உள்ளவர், பாய் பொறுப்பில் உள்ளே வருகிறார், விறகு ஒடிக்க மாட்டார், பழம் பறிக்க மாட்டார். கடைசி இரண்டும் பழக்க தோஷம். எல்லா பாஸிலும் எழுதி எழுதிக் கை தானாகப் போய்விட்டது.

அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பாய் அதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் காட்ட வேண்டும் என்றார். தொழுகை நடத்தும் பெரியவர் அவர். சாயங்காலத் தொழுகை முடியும்வரை வழக்கம்போல நான் வாசலில் செருப்புகளோடு நின்றேன். மக்காவின் சட்டத்தை எங்களூர்ப் பள்ளிவாசலுக்கும் நானே நீட்டிவைத்து, ஆறு வருடமாக அந்தப் படியில் கால் வைத்ததில்லை.

ஹஜ்ரத் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, செருப்புக்குக் காவலா? உள்ள வாங்க.”

“வரலாமுங்களா?”

“காலக் கழுவிட்டு வாங்க. யாரு வேண்டாம்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. நான் படித்திருந்தேன், அவ்வளவுதான்.

கடிதத்தை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். “வெறகு ஒடிக்க மாட்டாருன்னு போட்டிருக்குதுங்களே?” என்றார். சிரிக்கவில்லை, தாடி மட்டும் ஆடியது. பிறகு பாயிடம் திரும்பினார். “கடுதாசி வேலைக்காகாதுங்க. ஜித்தா வரைக்கும் வேணா அவரு வரலாம். அதுக்கு அக்கட்ட எல்லை.”

“அப்ப எனக்கு வேண்டாமுங்க,” என்றார் பாய். முகம் தொங்கிவிட்டது. எனக்கு அவர் மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது.

“உங்களுக்கும் எல்லை இருக்குதுங்க. ஹஜ்ஜுக்கு இஹ்ராம் உடுப்புக் கட்டோணுமில்ல? ரெண்டே துணி. அதுல ஒரு தையல் இருக்கக் கூடாது.”

“தெரியுமுங்க.”

“தெரியும். நெனச்சுப் பாத்தீங்களா? இத்தன வருசமா தெச்சீங்க. நீங்க தெச்ச ஒரு பித்தான்கூட உங்க ஒடம்புல அந்த எல்லையத் தாண்டாது. உங்க தொழிலே வெளிய நிக்குது. சிநேகிதரு நின்னா என்னங்க?”

பாய் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, அந்தச் சட்டத்தை நான்தான் போட்டது போல என்னைக் கேட்டார்: “ஓரங்கூட அடிக்கக் கூடாதுங்களா?”

“கூடாது போலிருக்குதுங்க.”

“நூலு பிரிஞ்சு போகுமே!”

கடைவரை இதே பேச்சு. கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு அதைவிடப் பெரிய கவலை கிடைத்துவிட்டது.

கடையில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பொம்பளைகளுக்குத் தெச்ச துணி ஆகுமுங்க. நீங்க தெச்சத நான் போட்டுட்டு வரேன். அது தாண்டுமில்ல?”

பாய் அவரைப் பார்த்தார். அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அந்த வாரம் ஊரில் யாருக்கும் சட்டை கிடைக்கவில்லை. வெள்ளைத் துணியில் ஓர் அங்கி. மூன்று முறை பிரித்துத் தைத்தார். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். யூனிபாரத்துக்கு அளவு கொடுத்தவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள்.

கிளம்புகிற நாளில் சேலம்வரை துணையாக நானும் பஸ்ஸில் ஏறி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு நல்ல நீளமான கதையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

“ரைட்டரு, எப்பிடியும் ஜித்தாவுல எறங்க வேண்டியவரு ஏற்காட்டுலயே எறங்கிக்கிட்டா என்னங்க?”

“கதை?”

“இவ பேசட்டும்.” என் கடிதத்தைச் சட்டைப் பையில் தட்டிக் காட்டினார். “இது மட்டும் இருக்கட்டுமுங்க.”

இறங்கினேன். பஸ் கிளம்பும்போது அவர் கண்கள் மூடியிருந்தன; கை மனைவியின் கையில் இருந்தது. அவர் மனைவி பேச ஆரம்பித்திருந்தார்.

அடுத்த மாதம் நான் தனியாகச் சேலம் போனேன். ஆறாவது வளைவில் ஒருவர் வாந்தி எடுப்பதற்காகக் கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்தினார். யாருக்காக என்று நான் எழுத வேண்டியதில்லை. இத்தனை காலம் பாய் இறுக்கிய பிடியில்தான் என் வயிறு அடங்கியிருந்திருக்கிறது.

அவர் திரும்பி வந்தபோது எங்கள் எஸ்டேட்டில் பழம் சிவந்து கேட்டைச் சாத்தியிருந்தோம். ஒரு கையில் பேரீச்சம்பழம், இன்னொன்றில் மக்கா ஊற்றின் ஜம்ஜம் தண்ணீர் பாட்டிலுடன் கேட்டில் நின்றார். மொட்டைத் தலையில் முடி அரும்பியிருந்தது. வாட்ச்மேன் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: “ஹாஜியாரே, பாஸ் இருக்குதுங்களா?”

பாய் சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து நீட்டினார். வாட்ச்மேன் ஊதா வட்டத்தைப் பார்த்தார். சங்கிலியை அவிழ்த்தார்.

“அங்க யாருக்கும் காட்டலீங்க,” என்றார் பாய், என் மேஜைமேல் பாட்டிலை வைத்துக்கொண்டே. “நான் பயந்தாப்பல நூலும் பிரியலீங்க.”

“கப்பல் எப்பிடி இருந்துது?”

“அவ பேசிட்டே வந்தாளுங்க. நான் நல்லாத் தூங்கிட்டேன்.”

“அப்பறம், அடுத்த வாரம் சேலம் போகோணும். வரீங்களா?” கொஞ்சம் அவசரமாகக் கேட்டுவிட்டேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பஸ் கண்டக்டர் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

“வாரனுங்க,” என்றார். “சன்னலோரம் நீங்க உக்காந்துக்குங்க.”