ஜெபா கேட்ட காலை ஷிப்ட்

மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியில் காலை டிபன் பரிமாறிவிட்டு, சாம்பார் வாசம் போகாத கையோடு பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் படிக்கப் போகிறவள் ஜெபா. அரசுக் கல்லூரியில் மத்தியான ஷிப்ட், பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருடம். அப்பா சின்னராசு கல்பாக்கத்தில் ஒப்பந்தத் தோட்டவேலை செய்கிறார். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மத்தியான ஷிப்ட் இருந்ததால்தான் மிதிக்க முடிந்தது.

அடுத்த வருடத்திலிருந்து எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே ஷிப்ட் என்று பல்கலைக்கழகத்திலிருந்து சேதி வந்தது. காலையா மத்தியானமா என்பது பிறகு முடிவாகுமாம். தரம் உயரும் என்று காரணம் சொன்னார்கள். வேலைக்குப் போய்ப் படிக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மாணவர் பேரவைச் செயலாளர் என்ற முறையில் ஜெபா பல்கலைக்கழக அதிகாரியைப் போய்ப் பார்த்தாள். ஒரே ஷிப்ட்தான் என்றால் அதை மத்தியானத்தில் வையுங்கள் என்றாள். அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. அதிகாரி சிரித்தார். ஊரப்பாக்கத்துக் கல்லூரிப் பேரவை ஏற்கெனவே வந்து, காலையில்தான் வேண்டும் என்று கேட்டுப் போயிருக்கிறதாம். உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையென்றால் நிர்வாகம்தானே முடிவெடுக்க வேண்டும் என்றார்.

ஜெபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கோபம் போனதோ ஊரப்பாக்கத்தின் மேல். சில நாள் பொருமிவிட்டு, மின்சார ரயில் ஏறிப் போய், அந்தப் பேரவைத் தலைவன் சம்பத்தை டீக்கடையில் பிடித்தாள். காலையில் படித்து, மத்தியானத்துக்குமேல் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன் அவன்.

"இன்னா அண்ணாத்த, எங்க படிப்புல மண்ண போட்டுட்டு டீ குடிச்சிகினு கீற?"

"நீ மட்டும் இன்னா கேட்டியாம்? காலைல படிக்கிறவன் எக்கேடு கெட்டா உனக்கின்னா?"

"அத யாரு உங்கிட்ட சொன்னது?"

"உங்கிட்ட சொன்ன அதே ஆளுதான். நேத்து கூப்ட்டு சொன்னாரு."

ஜெபா எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டில் ஒன்றைக் கேள் என்று சொல்ல அதிகாரிகள் யார்? அதற்கு நாம் ஏன் தலையாட்டினோம்? பாத்திரம் தூக்கிவிட்டுப் படிக்க ஓடுகிற பாடு தெரிந்தவளே, பெட்டி தூக்குகிறவனின் படிப்பை விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாளே.

சம்பத் இன்னொரு டீ சொன்னான். அந்த டீ ஆறுவதற்குள் பேசி முடித்தார்கள். மதுராந்தகம் பக்கத்துப் பேரவைகளையும் சேர்த்துக்கொண்டு ஒன்றாகப் போவது. அங்கே யாரும் தன் ஷிப்டுக்காக வாய் திறக்கக் கூடாது.

போனபோது, அதிகாரி முதலில் ஜெபா பக்கம்தான் திரும்பினார்.

"சொல்லும்மா, எந்த ஷிப்ட் வேணும்?"

"காலை ஷிப்ட் இருக்கணும் சார்."

"நீ மத்தியானம் படிக்கிற பொண்ணுதானே?"

"ஆமா சார். மத்தியானத்தப் பத்தி சம்பத் சொல்லுவாரு."

சம்பத் சொன்னான். மாமல்லபுரத்து விடுதிகளில் டிபன் பரிமாறுவது யார் என்பதில் தொடங்கி, அவர்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே பாடம் படிப்பது வரைக்கும் சொன்னான். அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிரித்துவைக்க ஒன்றும் அகப்படவில்லை. வருகிற வருடம் இரண்டு ஷிப்டும் தொடரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். ஜெபா தட்டவில்லை. பிறகு என்றால் எப்போது? உத்தரவு போடுமுன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை பேர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றிருக்க வேண்டாமே.

அடுத்த கூட்டம் எப்போது என்று சம்பத்திடம் கேட்டாள்.

"காலைல வேணாம், உனக்கு டிபன் வேல கீது."

"மத்தியானமும் வேணாம், உனக்குப் பெட்டி கீது. ஞாயித்துக்கெழம சாயந்தரம் செங்கல்பட்டு ரயில் டேசன்ல வெச்சுக்கலாம். அவங்க அடுத்த உத்தரவு போடறதுக்கு முன்னாடி."