ஒப்படைத்தார்

பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் கத்திக் கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவள் நான். அப்படிப்பட்டவளைப் போய்ச் சிறைக் கைதிகளைப் பாராட்டும் வேலைக்கு எடுத்தார்கள். மூன்று நாள் பயிற்சி. தப்பைத் தேடாதீர்கள், நல்லதைப் பாருங்கள், பார்த்ததும் வாயைத் திறந்து சொல்லுங்கள், அன்றைக்கே எழுதி வையுங்கள். இதுதான் முறை. திட்டித் திருந்தாதவர்கள் இதில் திருந்துவார்கள் என்றார்கள். எழுதுவதற்குப் பக்க எண் அச்சடித்த பதிவேடு ஒன்றும் கொடுத்தார்கள். என் மாணவிகளிடம் இப்படி ஒரு நாளாவது நடந்திருக்கிறேனா என்று நினைத்துப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வாரத்துக்கு இரண்டு நாள் போடியிலிருந்து இரண்டு பஸ் மாறிச் சிறைக்குப் போவேன். அங்கே கைதிகளுக்கு நான் எடுத்த வகுப்பில், போடிக்குப் பக்கத்தில் உள்ள சிலமலை ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வெளியே இருந்தவரை தினமும் விடிவதற்குள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயந்திரம் இறங்குகிறவர். ஒரு நாள் குடித்துவிட்டு வந்து, சாக்கடைத் தண்ணீர் யார் வாசலில் ஓடுவது என்ற சண்டையில் பக்கத்து வீட்டுக்காரரை மண்வெட்டியால் அடித்துவிட்டார். அடிபட்டவர் பிழைக்கவில்லை. வாசலில் நின்று அதைப் பார்த்த இவருடைய மகளுக்கு அப்போது பதிமூன்று வயது.

முதல் தடவை அவரைப் பாராட்டியது நன்றாக நினைவிருக்கிறது. குழாயடியில் ஒரு வயதானவரை முன்னால் விட்டிருந்தார். "அந்தப் பெரியவருக்கு வழிவிட்டீங்க. நல்ல காரியம்" என்று வகுப்பில் சொன்னேன். அவர் விறைத்துப்போய் எழுந்து நின்றார்.

"சொல்லுங்க டீச்சர், என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்லையே."

"தோட்டத்துல கங்காணி 'நல்லா செய்யுறப்பா'ன்னு சொன்னா, இன்னும் ரெண்டு வரிசை களையெடுக்கச் சொல்லப் போறாருன்னு அர்த்தம்."

வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு நான் எதைப் பாராட்டினாலும், "இதுக்கு எத்தனை வரிசை டீச்சர்?" என்று கேட்டு என்னை வம்புக்கு இழுப்பார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

மகள் அவரைப் பார்க்க ஒரு தடவைகூடச் சிறைக்கு வந்ததில்லை. ஐந்து வருடமாக ஒரு பேச்சும் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கிளம்பத் தயாராக இருந்தாள். கிளம்பும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். "செயிலுக்கு நான் வர மாட்டேன். அவரு லீவுல வீட்டுக்கு வந்தா பேசுறேன்." சிறையில் மனுப் போட்டு அவரைப் பார்க்க வந்த மனைவி அதை அப்படியே அவரிடம் சொல்ல, அவர் அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். கைதிகள் சில நாள் வீட்டுக்குப் போய்வரத் தரும் அந்த லீவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

அந்த வாரம் வகுப்பு முடிந்ததும் அவர் மட்டும் தயங்கி நின்றார். இடுப்பிலிருந்து ஒரு புகையிலைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். சிறைக்குள் அது இருக்கவே கூடாது.

"மலையில குளுருக்குப் போட்டுப் பழகுனது டீச்சர். எம்புள்ளைக்கு இந்த வாடையே ஆகாது. வீட்டுக்குப் போறப்ப வாய் நாறக் கூடாதுல்ல?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் முறை பலித்துவிட்டது என்ற பெருமையும் அதில் பாதி இருந்தது, மறைப்பானேன். பொட்டலத்தைக் காவலரிடம் கொடுத்துவிட்டு, இருப்பதிலேயே அழகான கையெழுத்தில் பதிவேட்டில் எழுதினேன்: 'தம்மிடம் இருந்த புகையிலைப் பொட்டலத்தை யாரும் கேட்காமல் தாமே முன்வந்து ஒப்படைத்தார்.' லீவு விஷயமாக மேலே பதிவேட்டைக் கேட்டபோது, கண்ணில் படட்டும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டும் செருகி அனுப்பினேன்.

லீவு கிடையாது என்று வந்தது.

அதிகாரியிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

"தடை செஞ்ச பொருள் வச்சிருந்திருக்கார் மேடம். நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஒப்படைத்தார்னும் எழுதியிருக்கேனே சார்."

"ஒப்படைக்கணும்னா முதல்ல வச்சிருக்கணும்ல?"

அந்தப் பக்கத்தை மாற்றி எழுதித் தருகிறேன் என்றுகூடக் கெஞ்சினேன். பக்க எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். "உங்க மனசு புரியுது. எழுத்துல வந்துருச்சு மேடம், நான் என்ன செய்ய?" என்றார். சண்டை போடுகிற மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் பாவமாகப் பார்த்ததில் என் கோபத்தை வைக்க இடமில்லாமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகள் கிளம்புகிறாள் என்று தெரிந்து போடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அம்மா பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் யார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, பொட்டலக் கதை முழுவதையும் ஒன்று விடாமல் சொன்னேன். உனக்காகத்தான் கொடுத்தார் என்றேன். என் எழுத்தால்தான் லீவு போனது என்றேன். கடைசிவரை கேட்டாள்.

"நல்லது செஞ்சவருக்கு எதுக்கு டீச்சர் லீவு குடுக்கல?"

வாயைத் திறந்தேன். விதி, பதிவேடு என்று என்னவோ உளறினேன்.

"உள்ள போயும் ஏதோ பண்ணியிருக்காரு. நீங்க நல்லவங்க, மறைக்கிறீங்க" என்றாள். அதில் கோபம்கூட இல்லை. "வெரசா ஏறு ஆத்தா, சீட்டுப் போயிரும்" என்று அம்மா மகளின் முதுகில் கை வைத்தாள். பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

அடுத்த வகுப்பில் அவர் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். லீவு போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"புள்ளையப் பாத்தீங்களா டீச்சர்?"

"பார்த்தேன். பஸ் ஏறிருச்சு."

"நானாக் குடுத்தேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நம்புச்சா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"நம்புச்சு" என்றேன்.

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "அது போதும் டீச்சர். அடுத்த லீவுக்கு எப்ப எழுதிப் போடலாம்? திருப்பூர்லருந்து வந்துரும்ல?"