மெதுவாகக் கழுவிய மணிகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை மணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் மணி கிடையாது, கையில்தான் இருக்கும். மணலைவிடப் பொடியான மணிகள். செடியை வாடவிடாமல் காக்கும் ஒரு மருந்தை அந்த மணிகளில் ஒட்டி, இலைச்சாற்றில் ஊறவைத்து, உப்புநீரில் கழுவவேண்டும். ஒட்டாததெல்லாம் ஓடிவிடும். மருந்தைப் பிடித்துக்கொண்ட புரதம் மட்டும் தங்கும். அந்தப் புரதம் எது என்று தெரியாமல்தான் பேராசிரியர் நான்கு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். "இலைய அரைச்சே உன் ஆயுசு போயிடும்" என்று அவள் புருஷன் கேலி செய்வான்.

போன வருடம் கிடைத்தது. மணியில் தங்கிய புரதம் சோதனைப் படத்தில் கோடாக விழும்; மருந்து மணியில் கரேலென்று ஒரு கோடு. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, மருந்தில்லாத வெறும் மணியில் ஒன்றுமில்லை. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருடமாகக் கட்டுரைகளின் கடைசியில் 'உதவிக்கு நன்றி' என்ற வரியிலேயே கிடந்தவளுக்கு, இதைப் பற்றிய கட்டுரையில் எழுதியவர்களோடு பெயரே போடுவதாகச் சொல்லிவிட்டார். கேலி செய்த அதே மனுஷன் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தான்.

பத்திரிகைக்காகக் கட்டுரையைச் சரிபார்த்தவர்கள், இரண்டு மணிகளையும் எப்படிக் கழுவினீர்கள் என்று கேட்டு அனுப்பினார்கள். கழுவியவளுக்குத் திக்கென்றது. மருந்து மணியைப் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல மெதுவாக, மூன்றே தரம். தேடிக் கிடைத்தது ஓடிவிடக்கூடாதே என்ற பயம். வெறும் மணிக்கு அந்தக் கரிசனம் எதற்கு? அதை ஏழெட்டுத் தரம் அலசித் தள்ளியிருந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை அப்படிப் பழகிவிட்டது, பாழாய்ப்போன கை!

அன்றே புது மணிகளை ஊறவைத்து, இரண்டையும் ஒரே மாதிரி மெதுவாக மூன்று தரம் கழுவினாள். இரண்டிலும் அதே கோடு. புரதம் மருந்தைப் பிடிக்கவேயில்லை, சும்மா மணியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. படத்தைக் கொண்டுபோய்ப் பேராசிரியரின் மேசையில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தவர், அவள் முகத்தைப் பார்க்காமலே, பழையபடி இன்னொரு தரம் செய்துபார்க்கச் சொன்னார்.

"பழையபடி செஞ்சா பழையபடிதான் சார் வரும். தப்பே அதுதானே."

பேராசிரியர் கட்டுரையைப் பத்திரிகையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். வருடக் கடைசியோடு அவளுக்கும் வேலை இல்லை என்றாகிவிட்டது.

வீட்டில் புருஷன் கட்டுரையின் முதல் பக்கத்தை மாட்டுவதற்கென்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். இனி அது வராது, கோடு பொய்யாகிவிட்டது என்று சொன்னாள். அவன் நம்பவில்லை. யாருக்கோ வயிற்றெரிச்சல் என்று கத்தினான்.

"எவன் போட்டுக்குடுத்தான்? பேரைச் சொல்லு."

"நான்தாங்க" என்றவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.