சமையல் வண்டி வந்த மலை

அர்ஜென்டினாவின் கோயா ஊரில் பஞ்சர் கடை வைத்திருந்த ஒலேகாரியோவுக்குப் போர்ப் புத்தகம் என்றால் பைத்தியம். தளபதி எழுதியது, விமானி எழுதியது, எதிரி இங்கிலீஷ்காரன் எழுதியது என்று டயர்களுக்கு மேலே பலகை போட்டு அடுக்கியிருந்தான். ஏவுகணை எத்தனை மைல் பாயும் என்று கேட்டால் போதும், உங்கள் டயரை மறந்துவிடுவான்.

போருக்கு மட்டும் அவன் போகவில்லை. கட்டாயச் சேவைக்கு நடந்த குலுக்கலில் அவன் அடையாள அட்டை எண்ணுக்குச் சின்ன எண் விழுந்தது; சின்ன எண்காரர்களுக்கு விலக்கு. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று அவன் அம்மா மெழுகுவத்தி ஏற்றினாள். அதே தெரு ஃபெர்மீனுக்குப் பெரிய எண். 1982-இல் இங்கிலீஷ்காரனோடு போர் நடந்த மால்வினாஸ் தீவுக்குப் போனான், திரும்பி வந்தான், அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தான் போகாத கூச்சம்தான் ஒலேகாரியோவைப் படிக்க வைத்தது. படிக்கப் படிக்கக் கூச்சம் போய்க் கர்வம் வந்ததுதான் கோளாறு.

இந்த ஏப்ரல் இரண்டாம் தேதி, போர் நினைவு நாள் மத்தியானம், ஊர்க் கிளப் முற்றத்தில் மாட்டிறைச்சி சுட்டுக்கொண்டிருந்தவன் ஃபெர்மீன்தான். கனலைக் கிளறிக்கொண்டே, யாரும் கேட்காமல், பேச ஆரம்பித்தான்.

"மலை மேல பசி தாங்கலப்பா. நானும் என்கூட இருந்த காசெரெஸும் ஒரு ஆட்டப் புடிச்சு அறுத்தோம். லெப்டினன்ட் பாத்துட்டான். காசெரெஸ..."

அவன் மனைவி தெலியா கையிலிருந்த தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். முற்றமே அடங்கியது. அடங்காதது ஒரு வாய்தான்.

"எந்த மலை? உங்க மலையா?" என்றான் ஒலேகாரியோ. "இருக்காதே ஃபெர்மீன்! அங்க தினமும் சமையல் வண்டி மேல போச்சு, சுடச்சுட சூப்பு குடுத்தாங்க. உங்க கேப்டனே எழுதியிருக்காரு. நீ வேற எடத்தச் சொல்ற."

கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அது இதுதான்.

ஃபெர்மீனிடம் கோபமே இல்லை. "நீ படிச்சவன்பா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறைச்சியைப் புரட்டினான். அப்புறம் உப்பு கேட்டான். யாரோ கால்பந்து பேசினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் ஒலேகாரியோவுக்கு உறைத்தது. பட்டினி போட்ட கேப்டன், பட்டினி போட்டேன் என்றா எழுதுவான்? இது இத்தனை வருஷம் படித்தவனுக்குத் தோன்றவில்லையே! வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்க மட்டும் அவன் போகவில்லை.

மறுநாள் காலை தெலியாவே கடைக்கு வந்தாள். ஒலேகாரியோ மாத்தே இலைப் பானம் நீட்டினான், அவள் வாங்கவில்லை.

"அண்ணே, அவரு வீட்டுல ஆட்டுக்கறி வாங்க விடமாட்டாரு. ஏன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாரு. நேத்துதான் மொத மொதல்ல வாயத் தொறந்தாரு. ராத்திரி கேட்டேன், 'ஒண்ணுமில்ல, மறந்துபோச்சு'ங்கறாரு." புத்தகப் பலகையை அண்ணாந்து பார்த்தாள். "அந்த காசெரெஸுப் பையன என்ன பண்ணாங்க? இதுல பாத்துச் சொல்லுங்கண்ணே."

பழக்கத்தில் புத்தகத்துக்குப் போன கையை ஒலேகாரியோ இழுத்துக்கொண்டான். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தவன் அவன்.

"இதுல எதுலயும் இல்லம்மா."

"அப்ப நேத்து அவர ஏண்ணே நிறுத்தினீங்க?"